காப்பார் பஸ்ஸின் முன் சீட்டு

அத்தியாயம் 17

பஸ் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளை வேனும் வந்தது.

காப்பார் கடைத்தெருவுக்கு எதிரே நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வேனைப் பார்த்தார்கள். கம்பெனி வேன். வெளிநாட்டிலிருந்து வரும் பெரிய ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன். அதைக் காப்பாரில் யாரும் பார்த்ததில்லை.

ஆபீஸ் பெண் ரமணி இறங்கினாள். "முத்து பீவி அக்கா யாரு?"

கேட்கவே வேண்டியதில்லை. பஸ் படியில் ஒரு காலை வைத்து, எல்லோரையும் ஏற்றிவிட்டுத் தான் கடைசியாக ஏறலாம் என்று நின்றவள் ஒருத்திதான்.

"நான்தான். என்னம்மா?"

"நீங்க வேன்ல வரணுமாம்க்கா."

"எதுக்கு?"

"தெரியலக்கா. மேல சொன்னாங்க."

"ஐயோ, அக்கா வி.ஐ.பி. ஆயிட்டாங்க லா!" சந்திரகலா கை தட்டினாள். "உள்ள ஏர்கோன் இருக்கும்க்கா. தலையில துடோங் கசங்காம போய் இறங்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். முத்து பீவியும் சிரித்துக்கொண்டே வேனில் ஏறினாள். ஏறும்போது தலைத் துணியின் ஊசியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பயம் வந்தால் அவள் கை அங்கேதான் போகும். அது மைமூனுக்கு மட்டும் தெரியும்.

மைமூன் சிரிக்கவில்லை. போன வருடம் மேரு பக்கத்திலிருந்து வரும் இரண்டு பெண்களை இப்படித்தான் தனியே கூப்பிட்டார்கள். யூனியன் என்று வாயெடுத்தார்களாம். மதியச் சோற்றுக்கு அவர்கள் கேண்டீனில் இல்லை. அப்புறம் எந்த நாளும் இல்லை.

இன்று முத்து பீவி மச்சி. அந்த வேனை வரவழைத்தது வேறு யாருமில்லை, மைமூனின் வாய்தான்.

இந்த வாரம்தான் இந்தக் கதைக்கு வந்து சேர்ந்த வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. மைமூன், கிள்ளானில் ரொட்டிக் கடையில் மாவடித்தே காலத்தைத் தள்ளிய முத்து முகம்மதுவின் மகள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். இப்போது டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு தொழிற்சாலையில் மாற்றம் கொண்டுவருகிறார்கள். சில இடத்தில் அது வேர் பிடிக்கிறது, பல இடத்தில் ஆறு மாதத்தில் படுத்துவிடுகிறது. ஏன்? தலைவர் எழுந்து போன பிறகும் நிற்கிற தலைமை எது? இதுதான் அவள் ஆராய்ச்சி.

அதற்குக் கிடைத்த இடம் புக்கிட் ராஜாவில், கார்களுக்கு ஒயர் கட்டுகிற தொழிற்சாலை. அண்ணன் கௌஸ் அங்கே சூப்பர்வைசர். அண்ணன் மனைவி முத்து பீவி, அதாவது மைமூனின் மச்சி, அதே லைனில் ஒயர் கட்டுகிறவள். இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனி அதட்டி வேலை வாங்குகிற மண்டோர்களை எடுத்துவிட்டு, வேலை செய்கிறவர்களே குழுவாகக் கூடி முடிவெடுக்கட்டும் என்று ஒரு புது முறையைக் கொண்டுவந்தது. எல்லா லைனிலும் அது படுத்தது. கௌஸின் லைனில் மட்டும் நின்றது. கௌஸுக்குக் கேடயம் கொடுத்தார்கள். வீட்டுக் கண்ணாடி அலமாரியில், மக்கா படத்துக்குக் கீழே அது பளபளக்கிறது.

ஏன் நின்றது என்பதை மைமூன் எட்டு மாதம் பஸ்ஸில் போய் வந்து கண்டுபிடித்தாள். முடிவுகள் லைனில் எடுக்கப்படவில்லை. கூட்ட அறையிலும் இல்லை. டிரைவர் தம்புசாமியின் முதுகுக்குப் பின்னால், முன் சீட்டில், மற்றவர்களைப் பார்த்தாற்போல் முழங்காலைத் திருப்பி உட்காருகிற மச்சிதான் எடுத்தாள். யாருக்கு இடுப்பு வலி, யார் இடத்தில் இன்றைக்கு யார் நிற்பது, நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கிற நேரத்துக்கு மலாய்ப் பெண்களின் மேசையை எந்தத் தமிழ்ப் பெண்கள் பார்த்துக்கொள்வது, அந்தக் கடனைத் தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் அவர்கள் எப்படித் தீர்ப்பது என்று எல்லாமே பஸ் புக்கிட் ராஜா கேட்டைத் தொடுவதற்குள் முடிந்துவிடும்.

போன வாரம் மேல்மாடி அறையில் மேலாளர்கள் முன்னால் மைமூன் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினாள். அடக்கமாகத்தான் தொடங்கினாள். நடுவில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "இந்தப் பொம்பளைங்களுக்கு முடிவெடுக்கத் தெரியாது மிஸ், கௌஸ் மாதிரி ஒரு ஆள் அதட்டணும்" என்றார். அவ்வளவுதான். "அதட்டுறவர் இல்ல சார், காப்பார் பஸ்ல வர்ற ஒரு பொம்பளைதான் உங்க மாற்றத்தையே தூக்கி நிறுத்தியிருக்காங்க" என்று நோன்பு, தீபாவளி வரைக்கும் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டாள். பெயர் சொல்லவில்லை. ஆராய்ச்சியில் பெயர் சொல்லக் கூடாது.

அப்போது அறையின் பின்சுவரோரம் கௌஸ் நின்றுகொண்டிருந்தான்.

பஸ் புறப்பட்டது. முன் சீட்டு காலியாகவே கிடந்தது. யாரும் அதில் உட்காரவில்லை.

இரண்டு நிறுத்தம் தாண்டியதும் சைத்தோன் எழுந்து நின்று, பிள்ளைக்குக் காய்ச்சல், மதியத்துக்கு மேல் தன் இடத்தை யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா என்று மலாயில் கேட்டாள். கேட்டுவிட்டு முன் சீட்டைப் பார்த்தாள். அங்கே யாருமில்லை.

"போன வாரமும் அவளுக்குத்தான் பாத்தோம்" என்று சந்திரகலா தமிழில் முணுமுணுத்தாள்.

சைத்தோனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குரல் புரியாத மொழி உலகத்தில் இல்லை. அவள் முகம் சுருங்கிப் போய் உட்கார்ந்தாள். பின்னால் இருந்த இரண்டு மலாய்ப் பெண்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். அதைக் கேட்டு ஒரு தமிழ்ப் பெண் திரும்பி முறைத்தாள்.

"யம்மா, யாராச்சும் இந்த சீட்ல உக்காருங்கம்மா" என்றார் தம்புசாமி கண்ணாடியில் பார்த்தபடி. "எனக்கு முதுகு கூசுது."

மைமூன் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு பெண்ணை எடுத்துவிட்டால் இருபது நிமிடத்தில் என்ன ஆகிறது என்பதை அவளுக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரி ஒன்று விடாமல் குறித்துக்கொண்டாள். அந்தக் கண்ணைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்துவிடலாமா என்று இருந்தது.

தொழிற்சாலை கேட்டில் கௌஸ் கையில் வாக்கி டாக்கியோடு நின்றான். மைமூன் நேரே அவனிடம் போனாள்.

"நானா, மச்சிய எதுக்கு வேன்ல ஏத்துனாங்க?"

"கம்பெனி பஸ்ஸு, கம்பெனி வேனு. அவங்க எதுல ஏத்துனா உனக்கென்ன?"

"உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

கௌஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கென்ன தெரியும்? எஸ்.பி.எம். பரீட்சையோட படிப்ப நிறுத்துனவன். எல்லாம் தெரிஞ்ச டாக்டர் நீதானே" என்று சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடாத வாக்கி டாக்கியைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தான்.

மைமூன் தொழிற்சாலைக்குள் போகவில்லை. கிள்ளான் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

கொமுட்டர் ரயிலில் குளிர் காற்று. உட்கார இடம் இருந்தும் அவள் கதவோரமே நின்றாள். கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கி மினிபஸ் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேரும்வரை அவள் மனசில் ஒரே கேள்விதான் சுற்றியது. மச்சி இந்நேரம் கேட்டுக்கு வெளியே நிற்கிறாளா?

டாக்டர் மார்க்கிரட் அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம், அப்பா ரயில்வே குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸில் பிறந்து அதே தெருவில் இன்னும் இருக்கிறவர். வெள்ளிக்கிழமை வகுப்பு கிடையாது என்பதால் வீட்டில் இருந்தார். மாணவர்கள் அழுதால் அவருக்குப் பிடிக்காது. மைமூன் அழவில்லை. மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"பெயர் சொன்னீரா?"

"இல்ல மேடம்."

"பிறகு?"

"என்ன செய்றாங்கன்னு சொன்னேன்."

மார்க்கிரட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மலாய்ப் பெண்களோடும் பேச வேணும், தமிழ்ப் பெண்களோடும் பேச வேணும். நோன்பும் தெரிய வேணும், தீபாவளியும் தெரிய வேணும். அந்த பஸ்ஸில தமிழ் முஸ்லிம் எத்தனை பேர்?"

இந்தக் கேள்வியை எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட மைமூன் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. அவளுக்கு அது கேள்வியே இல்லை. பிறந்ததிலிருந்து அவள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான், பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்கிடம் மலாயில் சிரித்துவிட்டு எதிர் வீட்டு அக்காவிடம் தமிழில் கறிவேப்பிலை கேட்பார்கள். அது ஒரு அடையாளம் என்று எப்படித் தோன்றும்?

"என்னைய விட்டா ஒருத்தங்க" என்றாள்.

"கடவுளே."



"நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கட்டா மேடம்? தப்பா கணக்குப் போட்டுட்டேன்னு கம்பெனியில சொல்லிட்டா?"

"சொல்லலாம். சொன்னால் ஆராய்ச்சியிலயும் எழுத ஏலாது. ஒரே கையால இரண்டு கதை எழுத நான் விடமாட்டன். நீர் எழுதின மற்ற அத்தியாயங்களை யாரும் எழுதலாம் மைமூன். இது ஒண்டுதான் உம்முடையது. இதை எடுத்தால் முதல்ல இருந்து தொடங்க வேணும். உம்முடைய உபகாரச் சம்பளம் அதுவரைக்கும் வராது."

"அப்ப என்ன மேடம் செய்யட்டும்?"

"அதை நான் சொல்ல மாட்டன்." அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "ஆனால் முதல்ல அவவிட்ட போய்ச் சொல்லும். வேற ஆரும் சொல்ல முந்தி."

மாற்றம், தலைமை, நிலைத்து நிற்பது என்று அலமாரி நிறையப் புத்தகம். ஒன்றிலாவது, நீ படம் போட்டுக் காட்டுகிற ஆளுக்கு ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டில் நீயும் சோறு தின்பாய் என்று எவனாவது எழுதியிருக்கிறானா? மைமூனுக்கு அத்தனை புத்தகங்களையும் வாரி தெருவில் போட வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்துக்கு அடியில் இருந்ததெல்லாம் பயம்தான்.

அவள் திரும்பி வந்து சேர்ந்தபோது ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழிற்சாலையே பாதி தூக்கத்தில் இருக்கும். தொழிற்சாலையின் தொழுகை அறையான சூராவுக்குப் பின்னால், பெண்கள் தொழுதுவிட்டு உட்காருகிற படிக்கட்டில், முத்து பீவி தனியாக இருந்தாள்.

வேலை போகவில்லை. இன்னும் போகவில்லை. மைமூனுக்கு உயிர் வந்தது.

"எங்கடி போன? உன்னைய லைன்ல காணோம்னாங்க."

"மச்சி, வேன்ல என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. அதான் புள்ளே பயமா இருக்கு. திட்டியிருந்தாகூட நல்லா இருந்திருக்கும். அந்த ரமணிப் புள்ள பக்கத்துல உக்காந்து வாயே தொறக்கல. ஜனாஸா வண்டில மையத்தோட போற மாதிரி இருந்துச்சு." அவள் சாப்பாட்டு அடுக்கின் கொக்கியை எடுக்கப் பார்த்தாள். "லைனுக்குப் போக விடல. ஸ்டோர்ல ஒரு மேசையப் போட்டு கிளிப் பொறுக்க வச்சுட்டாங்க. மூணு மணிக்கு மேல்மாடிக்கு வரணுமாம். தியாகராசா சார் பாக்கணுமாம்."

கொக்கி வரவில்லை. பார்க்காமலே ஒயர் கட்டுகிற விரல்கள், தினமும் திறக்கிற கொக்கியில் வழுக்கிக்கொண்டே இருந்தன.

"மச்சி, நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

மைமூன் சொன்னாள். மேல்மாடி அறை, படம், அந்த ஆளின் சிரிப்பு, பஸ், நோன்பு, தீபாவளி, எதையும் மறைக்கவில்லை. முத்து பீவி கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுக்கை மடியிலிருந்து எடுத்துப் படியில் வைத்தாள்.

"பேரச் சொல்லாம என்னையச் சொல்லிட்ட."

"மச்சி…"

"உங்க நானா அங்க இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

முத்து பீவி கண்ணை மூடித் திறந்தாள். "அதான் ஒரு வாரமா என்கிட்ட உப்பு வேணுமா புளி வேணுமான்னுகூட பேசல." பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாங்களா?" என்றாள்.

"தெரியல மச்சி."

"இவ்வளவு படிச்ச உனக்கே தெரியலன்னா எனக்கு இன்னும் பயமா இருக்குடி."

பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலிருந்து ஜும்ஆ சொற்பொழிவான குத்பா கேட்டுக்கொண்டிருந்தது. முத்து பீவி மைமூனின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுகியது.

"மேல போ. நான் போறதுக்கு முந்தி நீ போ. நான் சொன்னதெல்லாம் தப்பு, அப்படி ஒரு பொம்பளையும் இல்லன்னு சொல்லு."

"பொய் சொல்லணுமா?"

"ஆமா, பொய்தான். உன்னையப் பொண்ணு பாக்க வந்தவங்க கிட்ட நான் எத்தனை பொய் சொல்லியிருக்கேன்? இந்த வருஷத்தோட முடிஞ்சுரும், அடுத்த வருஷத்தோட முடிஞ்சுரும், அது சும்மா டீச்சர் படிப்புத்தான், ரொம்ப அடக்கமான புள்ளன்னு. அதுல எது உண்மை? உனக்காக நான் சொன்னேன்ல. எனக்காக நீ ஒண்ணு சொல்லு."

அந்த ஒரு பொய்யின் விலை என்ன என்று மைமூன் சொல்லவில்லை. சொன்னால் மச்சி வேண்டாம் என்றுவிடுவாள். அவள் அப்படிப்பட்டவள்தான். அதனாலேயே மைமூன் சொல்லவில்லை.

"சரி மச்சி" என்று எழுந்தாள்.

மனிதவள மேலாளர் தியாகராசாவின் அறையில் குளிர் எலும்பில் இறங்கியது. அவர் குரலை உயர்த்தியதை யாரும் கேட்டதில்லை. நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று. மேசையில் பிளாஸ்க்கும் ஒரு கோப்பையும்.

"வாரும் பிள்ளை, இரும். நானே உம்மைக் கூப்பிட இருந்தன்."

மைமூன் உட்காரவில்லை. "சார், போன வாரம் நான் சொன்னது தப்பு. பஸ் விஷயம். திரும்பப் பாத்தேன். என் முறையில பிழை இருக்கு. அப்படி ஒருத்தர் இல்ல. லைன் நல்லா ஓடுறதுக்கு சூப்பர்வைசர்தான் காரணம். அத எழுத்துல வேணும்னாலும் தரேன்."

எட்டு மாத உழைப்பை இரண்டு மூச்சில் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தாள். வியர்த்துப் போயிருந்தாள், அந்தக் குளிரிலும்.

தியாகராசா சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. பிள்ளை பரீட்சையில் பாஸாகிவிட்ட தகப்பன் சிரிக்கிற சிரிப்பு.

"பிழை இல்லை பிள்ளை. நாங்கள் பாத்திட்டம்."

"என்ன சார்?"

"காலமை அவவை பஸ்ஸில ஏற்றேல்லை. லைனிலயும் விடேல்லை. வேற ஒண்டும் மாத்தேல்லை. மத்தியானத்துக்குள்ள லைன் இரண்டு தரம் நிண்டுது. ஒரு மலாய்ப் பிள்ளை அழுதுகொண்டு வீட்டை போயிட்டுது. கட்டின ஒயரில கழிவு எவ்வளவு தெரியுமோ? கௌஸ் கத்திக் கத்திக் களைச்சுப் போனான்." அவர் கோப்பையில் தேநீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். "இப்பிடி ஒரு நிரூபணம் ஆருக்குக் கிடைக்கும்? உம்முடைய ஆராய்ச்சி சரி. வாழ்த்துகள்."

மைமூன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் சொன்னதை இவர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காலையில் அவள் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தது விபத்து இல்லை. அது அவளுடைய பரிசோதனை. மச்சியை வைத்து, அவள் வீட்டு மனுஷியை வைத்து.

"அவங்கள என்ன சார் செய்யப் போறீங்க?"

"என்ன கேள்வி இது? அப்பிடி ஒரு ஆளை ஆராவது வேலையால நிப்பாட்டுவினமோ? சுங்கை பட்டாணியில புதுத் தொழிற்சாலை திறக்கிறம். ஆக்கள் ஒருத்தரோட ஒருத்தர் ஒட்டுகினம் இல்லை. அங்க அவ போனால் எல்லாம் சரியாகும். திங்கள் தொடக்கம். முதல்ல மூண்டு மாசம், பிறகு பாப்பம். நல்ல ஹாஸ்டல் இருக்கு."

"சுங்கை பட்டாணி எங்கயோ வடக்க கெடாவுல இருக்கு சார். அவங்களுக்கு ஏழு வயசுல பொம்பளப் புள்ள இருக்கு."

"தெரியும்."

"அவங்க வரலன்னு சொன்னா?"

தியாகராசா பிளாஸ்க்கின் மூடியை மெதுவாகத் திருகினார். "வராட்டி ராஜினாமா எண்டுதான் எடுக்க வேணும். ஆனால் அந்தக் கதை வராது. காலமையே கௌஸிட்டக் கேட்டிட்டன். புருஷனிட்டக் கேக்காமல் நாங்கள் செய்வமோ? அவனுக்கு முழுச் சம்மதம். 'நல்லது சார், அனுப்புங்க' எண்டு உடனயே சொன்னான்."

மைமூனுக்குக் காது அடைத்தது. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மற்ற பஸ்களிலும் இப்படி ஒவ்வொருவர் இருப்பார்கள்தானே, அவர்களையும் கண்டுபிடித்துத் தர முடியுமா, அதற்குத் தனியாக ஒரு பதவியே போடலாம், டாக்டர் பட்டம் கையில் வரும்போது வேலையும் கையில் இருக்கும்…

"மாட்டேன் சார்."

"யோசிச்சுப் பாரும்."

"யோசிக்க மாட்டேன் சார்." எழுந்தபோது தேநீர் தட்டில் சிந்தியது. துடைக்காமல் வெளியே வந்தாள்.

ஜும்ஆ முடிந்து ஆண்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். மோட்டார் சைக்கிள் கொட்டகையில் கௌஸ் வெள்ளைத் தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். தங்கை வருவதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. விலகவில்லை.

"நீங்க சம்மதிச்சீங்களா நானா?"

"ஆமா."

"மச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீ அவகிட்ட கேட்டுட்டுத்தான் மேல போய்ப் பேசுனியா?"

அவன் தொப்பியைப் பைக்குள் இன்னும் ஆழமாக அழுத்தினான்.

"லைட்ட அணைச்சுப் படம் போட்டீல்ல" என்றான் கௌஸ். குரல் தணிவாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "நான் பின்னால நின்னேன். இருட்டு. ஆனா ஒவ்வொருத்தனும் திரும்பித் திரும்பி என் மூஞ்சியத்தான் பாத்தான். பொண்டாட்டி ஓட்டுற லைனுக்கு இவன் கேடயம் வாங்குனான்னு. என் கூடப் பொறந்தவ, மைக்குல சொல்றா."

"நான் உங்களச் சொல்லல நானா."

"நீ யாரத்தான் சொன்ன? பேரே இல்லாம எல்லாரையும் சொல்லிட்ட."

"அதுக்கு மச்சிய கெடாவுக்கு அனுப்புவீங்களா? புள்ள ரமீஜா யாரு கிட்ட தூங்கும்?"

"அம்மா இருக்காங்க. நீ இருக்க. மூணு மாசம்." அவன் ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தான். "அவ இல்லாம அந்த லைன என்னால ஓட்ட முடியுதா இல்லையான்னு நானும் பாக்கணும். இல்லன்னா நான் யாரு அங்க?"

இன்று காலை லைன் இரண்டு தடவை நின்றதை அவன் சொல்லவில்லை. தனக்குத் தெரியும் என்று மைமூனும் சொல்லவில்லை. அண்ணனின் கழுத்தில் நரம்பு துடிப்பதைப் பார்த்தாள். கோபம் என்றுதான் இதுவரை நினைத்தாள். இல்லை. இவனும் பயந்துபோய்த்தான் இருக்கிறான்.

"போய்ச் சொல்லுங்க நானா. வேணாம்னு சொல்லுங்க. இன்னும் மூணு மணி ஆகல. நீங்க சொன்னா தியாகராசா சார் கேப்பாரு."

கௌஸ் முற்றத்தின் பக்கம் பார்த்தான். ஸ்டோர் கதவைத் திறந்துகொண்டு முத்து பீவி வந்துகொண்டிருந்தாள். தலைத் துணியைப் புதிதாக ஊசி போட்டுக் கட்டியிருந்தாள். மேலே போவதற்காக முகம் கழுவியிருந்தாள். தூரத்திலிருந்தே கையை அசைத்து, என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"வர்றா பாரு" என்றான் கௌஸ். "நீதானே கண்டுபிடிச்ச. நீயே சொல்லு."

திரும்பி நடந்தான்.

முத்து பீவி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"சொல்லிட்டியா? தப்புன்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் மச்சி."

"அல்ஹம்துலில்லாஹ்." அவள் மைமூனின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஈரக் கை. "காலையிலேருந்து இப்பதான்டி எனக்கு மூச்சே வருது."

மேல்மாடிப் படியின் உச்சியிலிருந்து ரமணி எட்டிப் பார்த்தாள். "முத்து பீவி அக்கா! சார் கூப்பிடுறாங்க!"

"வரேம்மா!" முத்து பீவி திரும்பினாள். அப்போதுதான் கொட்டகைக்கு அந்தப் பக்கம், தலை குனிந்து வேக வேகமாகப் போகிற முதுகு அவள் கண்ணில் பட்டது. சிரிப்பு முகத்திலேயே நின்றது. கை மட்டும் மெதுவாகத் தலைத் துணியின் ஊசிக்குப் போயிற்று.

"மைமூன், உங்க நானா ஏன் என்னையப் பாத்ததும் அந்தப் பக்கம் போறாங்க?"